சோத்தாங்கைப் பக்கம்

இந்த ஜன்னலக் கொஞ்சம் எறக்கிக்கட்டுங்களா? காத்து மூஞ்சியில அறையுது. காலத் தள்ளி வெச்சுக்கறேன், நீங்க சௌகரியமா உக்காருங்க. உள்ள கம்பி வெச்சுத் தெச்சிருக்குது, மடக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு எந்த ஊருங்க? ராசபாளையமேவா? அட, நானும் அங்கதானுங்க எறங்கறேன். ஊருக்காரரே பக்கத்துல வந்து உக்காந்தீங்க பாருங்க, இன்னைக்கு நமக்கு நேரம் நல்லாருக்குது.

நமக்கு கோபிப் பக்கமுங்க. பூபதின்னு பேரு. ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கறனுங்க. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுன்னாலும் நம்ம கடையிலதான் அடிப்பாங்க. ஒரு எழுத்துக் கோணலா இருந்தாலும் கிழிச்சுப் போட்டுட்டு மறுக்கா அடிக்கறவன் நான். நம்ம சுபாவம் அப்படி, எதுவும் முழுசா இருக்கோணும். அப்படி ஒரு போர்டக் கட்டறப்பத்தான் ஏணி சறுக்கி, தார் ரோட்டுல வந்து உழுந்தேன். முழங்காலுக்குக் கீழ ரெண்டு துண்டு. அந்த வலி இருக்குது பாருங்க, நம்ம சத்துருவுக்கும் வரக்கூடாதுங்க. எலும்பு ஒடியற சத்தம் நமக்கே கேக்கும்.

அப்பறம் மாசக்கணக்குல படுக்கைதான். என்ற பொண்ணு தாரணி காலேஜு ஹாஸ்டலுக்குப் போறப்ப, டீவியில மாட்டி வெளயாடற கேம் பொட்டிய வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா. சும்மா மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கறதுக்கு இதத் தட்டிப் பாப்பமேன்னு ஆரம்பிச்சனுங்க. சிரிக்காதீங்க. இந்த வயசுல வெளயாட்டான்னு என்ற சம்சாரம் நாயகியும் இப்படித்தான் சிரிச்சா.

அதுல ஒரு ஊருங்க. பாதி கடலுக்குள்ள முழுகிக் கெடக்குது. ஆளில்லை, நாயில்லை. சின்னப் புள்ள ஒண்ணு, கையில அரிக்கேன் வெளக்கோட, தன்னந்தனியா அந்த ஊருக்குள்ள சுத்துது. நாமதான் அந்தப் புள்ளய நடத்தோணும். வீட்டுக்கு வீடு ஒரு மணி ஒளிஞ்சிருக்கும். அதக் கண்டுபுடிச்சு ஒரு அடி அடிச்சா, அந்த வீட்டுல இருந்தவங்க நெழலு எந்திரிச்சு நின்னு, ஒரே ஒரு தடவ நம்மளப் பாத்துட்டுப் போகும். அவ்வளவுதான் வெளயாட்டு. ஆனா கேளுங்க, கதைய முடிக்கறது வேற, முழுசா முடிக்கறது வேற. பாதிக்கு மேல மணி அடிச்சாலே கதை முடிஞ்சு பாட்டுப் போட்டுருவான். ஆனா மூலையில ஒரு கணக்குக் காட்டும், நூத்துக்கு அறுவதுன்னு. அதப் பாத்துட்டு எப்படிங்க மனுசன் தூங்கறது? ஒரு மணி விடாம எல்லாத்தயும் அடிச்சாத்தான் நூறு. சில வீடு தண்ணி ஏறினா முழுகிப் போகும், அப்பறம் திரும்பிப் போகவே முடியாது.

அதெல்லாம் தானாக் கண்டுபுடிக்க முடியாதுங்க. அதுக்குன்னே வழி சொல்ற வீடியோ போடறாங்க, எந்த வீடு, எந்தச் சந்து, எப்பப் போகோணும்னு. முக்காவாசி இங்கிலீசு. தேடித் தேடித் தமிழ்ல ஒண்ணு கெடச்சுது. 'விட்டாப்போச்சு'ன்னு பேரு. பேரே நல்லாருந்துதுங்க. மூஞ்சி காட்டறதில்ல, வெறும் கொரலு. "இந்த வீட்டு மணிய இப்பவே எடுத்துருங்க. விட்டாப் போச்சு, மறுபடி வர முடியாது"ன்னு ஒரு பொம்பளக் கொரலு.

அந்தக் கொரலக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போச்சுங்க. அது என்ற தங்கச்சி கொரலு. கோகிலவாணி. அவ செத்து ஏழெட்டு வருசம் ஆச்சு.

அடுப்படியில இருந்து நாயகி கரண்டியோட ஓடியாந்தா. "ஏனுங்க, வாணி பேசறாப்பல இருக்குது!"ன்னா. "செத்தவ எப்படிடீ பேசுவா, போய் வேலையப் பாரு"ன்னு சத்தம் போட்டு அனுப்பிட்டேன். அவ போனதும் டீவி சத்தத்தக் கூட்டி வெச்சேன். அந்தப் புள்ள வெளக்கோட சொவத்து ஓரமா நிக்குது, பின்னாலயே என்ற தங்கச்சி சொல்றா, "பயப்படாதீங்க, உள்ள யாருமில்ல, வாங்க"ன்னு.

என்னங்க இப்படிப் பாக்கறீங்க? அட, பேயுமில்ல பிசாசுமில்ல. நெசமாச் சாகலீங்க அவ. தலை முழுகிட்டோம், அவ்வளவுதான். உங்க பக்கமும் அந்த வழக்கம் உண்டுங்களே? சாதி விட்டுச் சாதி போயி ஒருத்தனக் கட்டிக்கிட்டா. அவன் பேர எங்க வீட்டுல சொல்றதில்லைங்க. எங்கப்பா அப்ப உசுரோட இருந்தாரு. எல்லாரும் வாய்க்காலுக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டு, இன்னையோட எங்களுக்குப் புள்ளயில்லன்னு ஈரத்துணியோட வீடு வந்து சேந்தோம். கண்ணீர் அஞ்சலி போர்டு வெச்சோம், பஸ் ஸ்டாண்டு முக்குல. நாந்தானுங்க அடிச்சேன், வெளிய குடுத்தா ஏனோதானோன்னு பண்ணிருவான். தோற்றம்னு அவ பொறந்த தேதி, மறைவுன்னு அவ தாலி கட்டிக்கிட்ட தேதி. காலேஜுல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துது, அதப் பெருசு பண்ணினேன். நீங்க எங்க நின்னாலும் அவ உங்களயே பாக்கறாப்பல வந்துது. அவ்வளவு சுத்தமான வேலை. பாத்தவங்கெல்லாம், ஏப்பா பூபதி, இப்பக் கூப்பிட்டா வந்துருவாபோல இருக்குதேன்னாங்க.

அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்குதுங்க. நல்ல கெட்டியான துணி, எதுக்கு வீணாக்கறதுன்னு கொல்லையில வெறகுக் கட்டு மேல போத்தி வெச்சிருந்தோம், மழைக்கு. நான் கால் ஒடிஞ்சு படுத்த ரூம்பு ஜன்னல்ல பாத்தா நேரா அதுதான் தெரியும். காத்தடிச்சா ஓரம் தூக்கும், ஒரு கண்ணு மட்டும் தெரியும். சாயமே போகலைங்க. நாயகிகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன், திருப்பிப் போடு, திருப்பிப் போடுன்னு. போட்டேன்னுதான் சொல்வா. மறுக்காப் பாத்தா கண்ணு தெரியும்.

கொரலு ஒரே மாதிரி பத்துப் பேருக்கு இருக்கலாமுங்க. எனக்கும் சந்தேகம் இருந்துது. அப்பறம் அந்தக் குகை வந்துது. அதுல ஒரு எடத்துல வெளக்கு அணைஞ்சு போகும். டீவி மொத்தமும் கருப்பு. கீழ கடலு. பாலம் மாதிரி ஒத்தக்கல்லு வழி. ஒண்ணுந் தெரியாது, சொல்றவங்க வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கோணும். அவ சொல்றா, "நேரா வாங்க. நில்லுங்க. இப்பச் சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக் குதிங்க"ன்னு. நம்பிக் குதிச்சவனெல்லாம் கடல்ல உழுந்தான். வீடியோவுக்குக் கீழ அத்தன திட்டு. அக்கா, தப்பு தப்பா வழி சொல்லாதீங்க. அக்கா, உங்கள நம்பி நாலு தடவ செத்துட்டேன்.

எனக்கு மட்டும் சிரிப்பு அடக்க முடியலைங்க. ஏன்னா ஊருக்கெல்லாம் சோத்தாங்கைன்னா வலது கை, வாணிக்குச் சோறு திங்கற கை எடது கை. சின்னதுல இருந்தே நொட்டாங்கைக்காரி அவ. எங்கப்பா சாப்பிடறப்ப அவ எடது கையத் துண்டு போட்டு முதுகுக்குப் பின்னால கட்டி வெப்பாரு. அவுக்கறாளான்னு பாத்துக்கறது என்ற வேலை. பக்கத்துலயே உக்காந்திருப்பேன். நல்லதுக்குத்தானுங்களே? கட்டிப் போற எடத்துல நொட்டாங்கையில தின்னா யாரு சும்மா இருப்பாங்க? வலது கையில திங்கப் பழகிட்டா, ஆனா சோத்தாங்கை எதுன்னு கேட்டா மட்டும் கடைசி வரைக்கும் எடதுதான். நான் பின்னால உக்காந்துக்குவேன், அவ சைக்கிள் மிதிப்பா. வாய்க்கா மேட்டுல, "அம்மிணி, சோத்தாங்கைப் பக்கம் ஒடி"ன்னு கத்துனேன். ஒடிச்சா பாருங்க நொட்டாங்கைப் பக்கம், சைக்கிளோட ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. கரையேறி வந்து, "அண்ணோவ், என்ற சோத்தாங்கை இதுதான்"னு எடது கையத் தூக்கிக் காட்டறா. அப்படிச் சிரிச்சோம்.

அதனால அந்த இருட்டுல அவ சோத்தாங்கைன்னப்ப நான் எடது பக்கம் குதிச்சனுங்க. கல்லு இருந்துது. அவ சொல்லச் சொல்ல நான் மாத்தி மாத்தி வெச்சேன். ஒரு தடவகூட உழாமக் குகையத் தாண்டினவன் நான் ஒருத்தன்தான். தாண்டி அந்தப் பக்கம் வெளிச்சம் வந்ததும் என்னமோ ஆயிப் போச்சுங்க எனக்கு. படுக்கையில கெடந்து அழுதேன். இந்த நெஞ்சு வலிக்கற மாதிரி அழுதேன். அவகூட நாந்தான் பேசிட்டு இருக்கறேன், ஊர்ல வேற எவனுக்கும் அவ பாஷ புரியலன்னு அப்படி ஒரு சந்தோசம்.

தொண்ணூத்தொம்பது ஆச்சுங்க. கடைசி மணி ஒண்ணு பாக்கி. அது குகைக்குள்ளயே, திரும்பி வர்ற வழியில இருக்குது. அதுக்குத் தனியா வேற வீடியோவுல வழி சொல்லியிருந்தா. ஆனா அவ அத அடிக்கல. "வழி மட்டும் சொல்றேன், அடிக்கறது உங்க இஷ்டம். யாரு எந்திரிச்சு வந்து நிப்பாங்களோன்னு எனக்குப் பயமா இருக்குது"ன்னு சொல்லிச் சிரிக்கறா. பைத்தியக்காரப் புள்ள. வெளயாட்டுதானே, அதுல என்ன பயம்?

நான் என்ன பண்ணேன், எல்லாரும் அவளத் திட்டறாங்களேன்னு மனசு கேக்காம, கீழ எழுதினேன். 'அந்தப் புள்ளயத் திட்டாதீங்க, அதுக்குச் சோத்தாங்கை எடது கை, வாய்க்கால்ல சைக்கிள உட்டப்பவே அப்படித்தான்'னு. என்ற போன்ல எல்லாம் தாரணி பேருலதான் இருக்குது, அந்தப் பேருலயே போச்சு. பாத்தா சந்தோசப்படுவா, அண்ணன் மறக்கலன்னு தெரிஞ்சுக்குவா, ஒரு வார்த்த எழுதுவான்னு பாத்துட்டே இருந்தனுங்க.

ஒரு வார்த்த இல்லை. ரெண்டு மூணு நாள் கழிச்சுத் தொறந்து பாத்தா, எல்லா வீடியோவுலயும் அவ கொரலு போயிருச்சுங்க. படம் அப்படியே இருக்குது, கொரலு மட்டும் மெசினு. "வலதுபுறம் திரும்பவும். முன்னே செல்லவும்." பேங்குக்குப் போன் பண்ணினாப் பேசுமே, அது மாதிரி. சோத்தாங்கைங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. இப்ப ஊரே சரியாப் போகுது. நன்றி அக்கா, நன்றி அக்கான்னு எழுதறான். நான் மட்டும் உழறேன். வலதுபுறம்னு அது சொல்லுது, என்ற கையி தன்னால எடது பக்கம் போகுது. எத்தனை தடவ அந்தப் புள்ளயக் கடல்ல தள்ளியிருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. உழறப்ப அது கத்தறதில்ல. வெளக்கு மட்டும் கொஞ்ச நேரம் மேல மெதக்கும்.

நான் என்னங்க தப்பா எழுதிட்டேன்? நீங்களே சொல்லுங்க. கூடப் பொறந்தவன் நல்லாருக்கியான்னு கேக்கறாப்பல எழுதினா, கொரல மறைச்சுக்கற அளவுக்கு அப்படி என்ன கோவம்?

ஒருவேள அந்தப் பழைய சமாச்சாரமா இருக்குமோன்னு நாயகி சொல்றா. அது ஒண்ணுமில்லைங்க. கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு பேரும் ஈரோட்டுல குடியிருந்தாங்க. எங்க பெரியப்பா பையன் சென்னியப்பன், சும்மா பேசிட்டு வரலாம்னு ஆளுகளக் கூட்டிட்டுப் போனாரு. வீடு எனக்குத்தான் தெரியும், அதனால நான் முன்னால உக்காந்து வழி சொன்னேன். உள்ள போகல, வண்டியிலதான் இருந்தேன். அன்னைக்கு அவ வீட்டுக்காரரு மாடிப்படியில உழுந்துட்டாராம். ரெண்டு காலும் ஒடிஞ்சு போச்சு. படியில உழுந்தா ரெண்டு காலும் ஒண்ணா ஒடியுமான்னா, எனக்கென்னங்க தெரியும்? கேசே முடிஞ்சு போச்சு. கதவு சாத்தியிருந்துது, எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுது. அதோட ஊர விட்டுப் போனவங்கதான். இப்பவும் அவரு ரெண்டு பக்கமும் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பாராம்.

ஏனுங்க, அப்படி யாரயாச்சும் உங்க ஊர்ல பாத்திருக்கீங்களா? இல்லைங்களா. சட்டுனு நிமுந்தீங்களேன்னு கேட்டேன்.

நான் எப்படி உங்க ஊருக்கு வர்றேன்னு சொல்லலியே. அந்தக் குகையத் தாண்டற மொத வீடியோவ மட்டும் முன்னாலயே போன்ல எறக்கி வெச்சிருந்தனுங்க. பழைய கொரலோட. நல்லவேளை. தெனமும் அதக் கேப்பேன். படம் கருப்பா இருக்கறதால காது நல்லாக் கேக்கும் பாருங்க. கேட்டுக் கேட்டு ஒரு நாள் புடிபட்டுது, அவ கொரலுக்குப் பின்னால வேற சத்தமும் இருக்குது. இருங்க, போடறேன். இந்தாங்க, காதுகிட்ட வெச்சுக்குங்க. "நில்லுங்க... இப்பச் சோத்தாங்கைப் பக்கம்..." இதா, இங்க. கேட்டுதுங்களா? கண்டக்டரு கத்தறான், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசின்னு. இன்னும் கொஞ்சம் தள்ளி, இதா, மில்லுச் சங்கு ஊதுது. தென்காசி பஸ்ஸு நிக்கற ஊரு, பஸ்ஸு நிக்கற எடத்துப் பக்கத்துலயே, சங்கு சத்தமும் கேக்கற தெருவு. அப்படி விசாரிச்சு விசாரிச்சுத்தான் உங்க ஊருன்னு முடிவு பண்ணேன். ஒரு மணியக் கண்டுபுடிக்கற மாதிரிதானுங்க.

ஏனுங்க, பாதியிலயே நிறுத்திட்டீங்க? போனக் குடுங்க, உழுந்துரப் போகுது. கொரலு எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதுங்களா? இல்லையா? சரி சரி.

கூடையில என்னன்னு பாக்கறீங்களா? ஒப்புட்டுங்க, உங்க பக்கம் போளிம்பீங்க. பருப்புப் பூரணம். அவளுக்கு உசுரு. நாயகிகிட்டக் கடைக்குன்னு சொல்லிச் சுடச் சொன்னேன், இங்க வர்றேன்னு தெரிஞ்சா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிருப்பா. போகாதீங்க, போகாதீங்கன்னு போன மாசமே கால்ல உழுந்தா. பொம்பளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்தான். நான் அவளப் பாத்து ரெண்டு வார்த்த கேக்கோணும். அந்த இருட்டுல கடைசி மணிக்கு வழி எப்படின்னு அவ வாயால, அவ பாஷையில ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்லோணும். அவ்வளவுதான். அப்பறம் ஜென்மத்துக்கும் வேண்டாம்.

பெரியப்பா பையனுக்குக்கூட இப்ப மனசு எளகிருச்சுங்க. சங்கு சத்தத்த வெச்சுக் கண்டுபுடிச்சேன்னு சொன்னதும் தோள்ல தட்டி, "கெட்டிக்காரன்டா நீ"ன்னாரு. என்ற வாழ்க்கையிலயே மொத தடவ. "பூபதி, நீ முன்னால பஸ்ஸுல போ. வீடு எதுன்னு மட்டும் போன்ல சொல்லு, நாங்க பின்னாலயே கார்ல வந்து பாத்துக்கறோம். எத்தனை வருசத்துக்குத்தான் பகையோட இருக்கறது, ஒரேயடியா முடிச்சுக்கலாம்"னாரு. பாருங்க, எப்படிப்பட்ட மனுசன் எப்படி மாறிட்டாரு! மதுரை தாண்டினதுல இருந்து நாலு தடவ கூப்பிட்டுட்டாரு, எங்க வர்றே, எங்க வர்றேன்னு. அவருக்கும் ஆச இருக்காதுங்களா?

ஊரு வந்துருச்சுபோல இருக்குது. நீங்களே சொல்லுங்க, சங்கு ஊதற மில்லு எந்தப் பக்கமுங்க? சங்கே ஊதறதில்லைங்களா? நிறுத்திப் பல வருசம் ஆச்சா? அப்படீங்களா... நான் கேட்டது வேற ஊர்ச் சத்தமா இருக்கும்ங்கறீங்க. தென்காசிக்குப் பஸ்ஸு எல்லா ஊர்லயும்தான் நிக்கும், அதுவும் சரிதான். சங்கரன்கோயில் பக்கம் போயித் தேடட்டுங்களா? இதே பஸ்ஸுல இருந்து எறங்காமயே திரும்பிப் போயிரச் சொல்றீங்க. ஏனுங்க கண்ணெல்லாம் இப்படிக் கலங்குது உங்களுக்கு?

பொறுங்க. பேசாம இருங்க ஒரு நிமிசம்.

கேட்டுதுங்களா?

ஊதுது பாருங்க. அதே சங்குங்க! மொதல்ல தடிச்சு வந்து, கடைசியில இழுக்குது பாருங்க, அதேதான். இல்லைன்னீங்களே! ஐயோ, உடம்பெல்லாம் புல்லரிக்குது எனக்கு. அவ இப்ப இதக் கேட்டுக்கிட்டு இருப்பா. இந்த நிமிசம், இதே சத்தத்த.

அட, ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸு இன்னும் நிக்கலீங்க! பாத்து, பாத்து! உங்க பைய விட்டுட்டுப் போறீங்க பாருங்க! ஏனுங்க! அந்தத் தெருவுக்குள்ள எதுக்கு இந்த ஓட்டம் ஓடறாரு? நல்லாத்தானே பேசிட்டு வந்தாரு.

இரு, போன் அடிக்குது. ஆங், சொல்லுண்ணா. எறங்கறேன், எறங்கறேன். ஊரு இதேதான். நீங்க எங்க வந்துட்டீங்க? அட, அவ்வளவு கிட்டவா? சரி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள வராதீங்க. வெளியவே தென்காசி ரோட்டுல ஒரு தெருவு பிரியுது, எங்கூடப் பஸ்ஸுல வந்தவரு ஒருத்தரு இப்ப அதுக்குள்ளதான் ஓடறாரு. சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. இல்லண்ணா, அவளோடது இல்ல, நம்ம சோத்தாங்கை.